வாசகர் கேள்வி–பதில்: வேகம் கூடும்போது புரொப்பெல்லரின் உந்துவிசை ஏன் குறைகிறது?

சென்ற இதழில் விமான எஞ்சின்களைப் பற்றிய ஒரு பதிலில், "புரொப்பெல்லர் விமானத்தின் வேகம் கூடக்கூட, அதை முன்னே செலுத்தும் உந்துவிசை குறைந்துகொண்டே போகும்" என்று ஒரு வரி எழுதியிருந்தோம். அந்த ஒரு வரியைப் பற்றிக்கொண்டு குமரி மாவட்டத்திலிருந்து பல கடிதங்கள் வந்தன. ஒன்றின் பதில் அடுத்ததற்கு வழிவிடும் விதத்தில் அவை அமைந்திருப்பதால், இந்த இதழின் பக்கங்களை முழுவதுமாக அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

விசையை வேகத்தால் பெருக்கினால் திறன் கிடைக்கும் என்று படித்திருக்கிறோம். எஞ்சினின் திறன் மாறாமல் இருந்தால், வேகம் கூடும்போது உந்துவிசை குறைய வேண்டும் என்பது புரிகிறது. ஆனால் அதே கணக்கின்படி, ஓடுபாதையில் அசையாமல் நிற்கும் விமானத்தின் வேகம் சுழியம் என்பதால், உந்துவிசை முடிவிலியாக அல்லவா இருக்க வேண்டும்? கணக்கு எங்கே பிசகுகிறது?
— பாலிடெக்னிக் மாணவர், நாகர்கோவில்

சூத்திரத்தில் பிசகு இல்லை. அதில் எந்தத் திறனை வைக்கிறோம், எதனுடைய வேகத்தை வைக்கிறோம் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. உந்துவிசையை விமானத்தின் வேகத்தால் பெருக்கினால் கிடைப்பது, விமானத்தை நகர்த்துவதற்குப் பயன்பட்ட திறன் மட்டுமே. எஞ்சினின் சுழல்தண்டு தரும் திறன் எப்போதும் அதைவிட அதிகமாகவே இருக்கும். மிச்சம் எங்கே போகிறது என்று தேடினால் முடிவிலி தானாகவே மறைந்துவிடும்.

காற்றைப் பின்னால் தள்ளாமல் புரொப்பெல்லரால் விமானத்தை முன்னே செலுத்த முடியாது. ஒரு நொடியில் எத்தனை கிலோ காற்றை அது வாங்கித் தள்ளுகிறது, அந்தக் காற்றின் வேகத்தை எவ்வளவு கூட்டுகிறது என்ற இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் உந்துவிசை. அப்படித் தள்ளப்பட்ட காற்று, விமானம் கடந்து சென்ற பிறகும் பின்னோக்கி ஓடிக்கொண்டிருக்கும். அதில் தங்கிவிட்ட இயக்க ஆற்றல் விமானத்துக்குத் திரும்பி வராது. ஆகவே எஞ்சினின் திறனைக் கணக்கிட வேண்டுமென்றால், உந்துவிசையை விமானத்தின் வேகத்தால் பெருக்குவது போதாது; சுழலும் இதழ்கள் வரையும் வட்டத்தின் ஊடாகக் காற்று பாயும் வேகத்தால் பெருக்க வேண்டும். நிற்கும் விமானத்தின் வேகம் சுழியம்தான். ஆனால் அந்த வட்டத்தின் ஊடாகப் பாயும் காற்றின் வேகம் சுழியம் அல்ல. அதனால் வகுத்தலில் சுழியம் வருவதே இல்லை.

எண்களை வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். நம் நாட்டு விமானப் பயிற்சிப் பள்ளிகள் பலவற்றில் பயன்படும் செஸ்னா 172எஸ் விமானத்தின் எஞ்சின் 180 குதிரைத்திறன் உடையது. அதாவது ஏறத்தாழ 134 கிலோவாட். அதன் புரொப்பெல்லரின் விட்டம் 1.93 மீட்டர். இதழ்களின் உராய்வையும், காற்று முறுக்கிக்கொண்டு சுழல்வதால் வரும் இழப்பையும் விட்டுவிட்டு, கடல்மட்டக் காற்றின் அடர்த்தியைக் கொண்டு கணக்கிட்டோம். விமானம் நிற்கும்போது கிடைக்கக்கூடிய உச்ச உந்துவிசை ஏறத்தாழ 5,060 நியூட்டன். 515 கிலோ எடையைத் தூக்கிப் பிடிக்கப் போதுமான விசை அது. அப்போது வட்டத்தின் ஊடாகக் காற்று நொடிக்கு 26.6 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. பின்னால் சென்று முழு வேகம் பெறும்போது அது 53 மீட்டராகிறது. 134 கிலோவாட் முழுவதும் காற்றை ஓடவைப்பதிலேயே செலவாகிவிடுகிறது. விமானத்துக்குக் கிடைத்த பயனுள்ள திறன் ஒரு வாட்டும் இல்லை.

இனி விமானம் நொடிக்கு 30 மீட்டர், அதாவது மணிக்கு 108 கிலோமீட்டர் வேகத்தில் பறப்பதாகக் கொள்வோம். அதே எஞ்சினின் உந்துவிசை 3,270 நியூட்டனாகக் குறைகிறது. ஆனால் திறனில் 73 விழுக்காடு விமானத்துக்குப் பயன்படுகிறது. வேகம் நொடிக்கு 60 மீட்டரானால் உந்துவிசை 2,080 நியூட்டன். பயனுறுதிறன் 93 விழுக்காடு. நீங்கள் செய்ததுபோல் திறனை வேகத்தால் நேரடியாக வகுத்திருந்தால், முதல் வேகத்தில் 4,470 நியூட்டனும் இரண்டாவதில் 2,240 நியூட்டனும் வந்திருக்கும். வேகம் கூடக்கூட உங்கள் கணக்கு உண்மையை நெருங்கி வருவதையும், வேகம் குறையும்போது அது எட்டாத உயரத்துக்குப் போய்விடுவதையும் கவனியுங்கள். மேலும், வேகம் இரண்டு மடங்கானபோது உந்துவிசை பாதியாகவில்லை. 64 விழுக்காடு அளவில் நின்றது.

இதில் என்னை மிகவும் ஈர்ப்பது பயனுறுதிறனின் போக்குதான். உந்துவிசை, கூட்டப்பட்ட வேகத்துக்கு நேர்விகிதத்தில் அமைகிறது. காற்றில் விரயமாகும் ஆற்றலோ அந்த வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. ஆகையால் கொஞ்சம் காற்றை வேகமாகத் தள்ளுவதைவிட, நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளுவதே சிக்கனம். பறக்கும் விமானத்தின் புரொப்பெல்லரைத் தேடிக் காற்று தானாகவே வந்து சேர்கிறது. ஒவ்வொரு கிலோவையும் சிறிதளவு தள்ளினாலே போதும். நிற்கும் விமானத்தில் காற்றை இழுத்துக்கொண்டு வரும் வேலையும் புரொப்பெல்லரின் தலையில் விழுகிறது.

1903-ல் ரைட் சகோதரர்கள் வெறும் 12 குதிரைத்திறன் எஞ்சினைக் கொண்டு பறந்ததற்கும் இதுவே ஒரு முக்கியக் காரணம். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.6 மீட்டர் விட்டமுள்ள இரண்டு புரொப்பெல்லர்களைச் சங்கிலி வைத்து மெதுவாகச் சுழற்றினார்கள். அதே வடிவில் பிற்காலத்தில் செய்து காற்றுச்சுரங்கத்தில் சோதித்தபோது, அவற்றின் பயனுறுதிறன் முக்கால் பங்கைத் தாண்டியது. காற்றியல் நூல்கள் பெரிதாக எதுவும் சொல்லாத காலத்தில், தாங்களே கணக்கிட்டு மரத்தில் செதுக்கியவை அவை.

மேலே தந்தவை இழப்புகளை ஒதுக்கிய எண்கள் என்பதை மறக்க வேண்டாம். உண்மையான புரொப்பெல்லர் மிகச் சிறப்பாகச் செயல்படும் வேகத்தில்கூட 80 விழுக்காட்டை ஒட்டியே தரும். நிற்கும் நிலையில் கிடைக்கும் உந்துவிசையும் 5,060 நியூட்டனைவிடக் கணிசமாகக் குறைவாகவே இருக்கும். ஏன் என்பதை அடுத்த கடிதத்துக்கான பதிலில் சொல்கிறோம்.

எங்கள் ஃபைபர் வள்ளத்தில் ஒரே அவுட்போர்டு எஞ்சினுக்கு இரண்டு விதமான புரொப்பெல்லர்கள் வைத்திருக்கிறோம். வலையும் ஆட்களுமாகப் பாரம் ஏற்றிச் செல்லும்போது ஒன்று, பாரமில்லாமல் விரைந்து செல்ல வேண்டியபோது மற்றொன்று. விமானத்திலும் இப்படி மாற்றுவது உண்டா?
— மீனவர், முட்டம்

உண்டு. நீங்கள் கையால் கழற்றி மாற்றுவதை, பெரிய விமானங்களில் ஓர் இயந்திரம் பறக்கும்போதே செய்துவிடுகிறது. இந்தக் கணக்குகளுக்கு அடிப்படையான கோட்பாடு பிறந்ததே கப்பல்களுக்காகத்தான் என்பதையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். 1865-ல் வில்லியம் ராங்கின் என்பவரும், 1889-ல் ராபர்ட் எட்மண்ட் ஃப்ரூட் என்பவரும் கப்பல் புரொப்பெல்லர்களை ஆராய்ந்து அதை வகுத்தார்கள். விமானம் பிறந்தது அதற்குப் பிறகு.

வள்ளத்தைக் கரையிலுள்ள தூணில் கயிற்றால் கட்டிவிட்டு எஞ்சினை முழு வேகத்தில் முடுக்கினால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். கயிறு விறைத்து நிற்கும். பின்னால் தண்ணீர் நுரைத்துப் பாயும். வள்ளம் ஓர் அடியும் நகராது. எஞ்சினின் சத்தமும் வழக்கமான ஓட்டத்தில் கேட்பதைவிடத் திணறலாக இருக்கும். ஓடுபாதையின் முனையில் பிரேக்கை அழுத்தியபடி எஞ்சினை முடுக்கி நிற்கும் சிறிய விமானத்தின் நிலையும் இதுவே.

புரொப்பெல்லரின் இதழ் ஒரு திருகாணியின் புரியைப் போலச் சாய்வாக அமைந்திருக்கிறது. ஒரு முழுச் சுற்றில் அது எவ்வளவு தூரம் முன்னேற வேண்டும் என்று கணக்கிட்டு அந்தச் சாய்வை வைத்திருக்கிறார்கள். இதைத்தான் பிட்ச் என்று சொல்கிறார்கள். மேலே சொன்ன செஸ்னாவின் புரொப்பெல்லருக்கு விட்டம் 76 அங்குலம், பிட்ச் 60 அங்குலம். நிமிடத்துக்கு 2,700 சுற்று, அதாவது நொடிக்கு 45 சுற்று என்ற முழு வேகத்தில், ஒரு சுற்றுக்கு 60 அங்குலம் வீதம் முன்னேறினால், நொடிக்கு 68.6 மீட்டர் ஆகிறது. அந்த விமானம் கடல்மட்டத்தில் எட்டும் உச்ச வேகம் 126 நாட், அதாவது நொடிக்கு ஏறத்தாழ 65 மீட்டர். இரண்டு எண்களும் இவ்வளவு அருகில் நிற்பது தற்செயல் அல்ல. உயர்ந்த வேகத்தில் நன்றாகச் செயல்பட வேண்டும் என்பதற்காகவே அந்தப் பிட்ச் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது.

அந்தத் தேர்வுக்கு ஒரு விலை உண்டு. விமானம் நிற்கும்போது, முன்னிருந்து வரும் காற்றோட்டம் இல்லாததால், இதழ் காற்றை மிகச் செங்குத்தான கோணத்தில் வெட்டுகிறது. காற்று இதழின் முதுகை ஒட்டி வழுக்கிச் செல்லாமல் பிரிந்துபோக முற்படுகிறது. சுழற்றுவதற்கான சுமையும் கூடுகிறது. அதனால் முழுமையாக முடுக்கினாலும் எஞ்சின் நிமிடத்துக்கு 2,300 முதல் 2,400 சுற்று அளவிலேயே நின்றுவிடும். 2,700 சுற்றில்தான் 180 குதிரைத்திறன் கிடைக்கும் என்பதால், புறப்படும் நேரத்தில் விமானிக்கு அந்தத் திறனே முழுமையாகக் கிடைப்பதில்லை. முந்தைய பதிலில் சொன்ன 5,060 நியூட்டன் நடைமுறையில் எட்டாமல் போவதற்கு இதுவே பெரிய காரணம்.

பிட்சைக் குறைத்தால் புறப்பாடும் மேலேறுவதும் எளிதாகும்; ஆனால் நேர்ப்பறத்தலில் எஞ்சின் விரைவிலேயே சுற்று வரம்பைத் தொட்டுவிடும். குட்டையான ஓடுபாதையில் இயங்க வேண்டியவர்கள் குறைந்த பிட்ச் உடையதையும், தொலைதூரம் பறப்பவர்கள் அதிக பிட்ச் உடையதையும் பொருத்திக்கொள்கிறார்கள். நீங்கள் இரண்டு புரொப்பெல்லர்கள் வைத்திருப்பதும் இதே நியாயத்தால்தான்.

இதழ்களைத் தம் அடிப்பகுதியில் திருகித் திருப்பும் அமைப்பு இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது. எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஒரு கட்டுப்படுத்தி, சுற்று வேகத்தை இடைவிடாமல் கண்காணிக்கிறது. விமானம் விரைந்து இதழின் சுமை குறைந்து சுற்று கூடப் பார்த்தால், அது இதழ்களின் சாய்வைக் கூட்டுகிறது. வேகம் குறைந்தால் சாய்வைக் குறைக்கிறது. சுற்று வேகம் மாறாததால் எஞ்சினின் முழுத் திறனும் எல்லா வேகத்திலும் கிடைக்கிறது.

விமானத்தின் உச்ச வேகத்தைத் தீர்மானிப்பது உந்துவிசையா, திறனா? எஞ்சினின் திறனை இரண்டு மடங்காக்கினால் வேகமும் இரண்டு மடங்காகாதா?
— ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், தக்கலை

நேராகப் பறக்கும்போது உச்ச வேகம் என்பது, கிடைக்கும் உந்துவிசையும் காற்றுத்தடையும் சமமாகிவிடும் இடம். இரண்டு பக்கத்தையும் வேகத்தால் பெருக்கினால், கிடைக்கும் திறனும் தேவைப்படும் திறனும் சமமாகும் இடமும் அதுவே. எனவே இந்த ஒரு கேள்விக்கு உந்துவிசை என்று சொன்னாலும் திறன் என்று சொன்னாலும் விடை ஒன்றுதான்.

இரண்டாவது கேள்விக்கு விடை, ஆகாது என்பதே. உயர்ந்த வேகத்தில் காற்றுத்தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. அதைத் தாங்கத் தேவையான திறன் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது. வேகத்தை இரட்டிப்பாக்க எட்டு மடங்கு திறன் வேண்டும். திறனை இரண்டு மடங்காக்கினால், இரண்டின் கனமூலமாகிய 1.26 மடங்கு வேகமே கிடைக்கும். அந்தச் செஸ்னாவில் 360 குதிரைத்திறன் எஞ்சினைப் பொருத்தி, எடை கூடாது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், 126 நாட் வேகம் 159 நாட்டைத்தான் எட்டும்.

கணித ஆசிரியரான உங்களுக்கு இதைவிடச் சுவையாக இருக்கக்கூடிய செய்தி ஒன்று உண்டு. உந்துவிசையும் திறனும் ஒரே விடையைத் தரும் கேள்வி உச்ச வேகம் மட்டுமே. மற்ற கேள்விகளில் இரண்டும் பிரிந்துபோகின்றன. விமானம் எவ்வளவு செங்குத்தாக ஏறும் என்பதை முடிவு செய்வது மிகை உந்துவிசை, அதாவது காற்றுத்தடையைச் சமாளித்தபின் எஞ்சும் உந்துவிசை. ஒரு நிமிடத்தில் எவ்வளவு உயரம் ஏறும் என்பதை முடிவு செய்வது மிகைத் திறன். இவை இரண்டும் உச்சத்தைத் தொடும் வேகங்கள் வெவ்வேறு. செஸ்னா 172எஸ் விமானத்தின் கையேட்டில், ஓடுபாதையின் முடிவில் மரமோ கட்டடமோ இருந்தால் அதைத் தாண்டுவதற்கு 62 நாட் வேகத்தில் ஏற வேண்டும் என்றும், குறைந்த நேரத்தில் அதிக உயரம் பெற 74 நாட் வேகத்தில் ஏற வேண்டும் என்றும் கடல்மட்டத்துக்கான அளவுகள் தரப்பட்டிருக்கின்றன. உந்துவிசை மெதுவான வேகத்தில் அதிகமாக இருப்பதால் முதல் எண் தாழ்ந்தும், திறனில் வேகமும் ஒரு காரணியாக இருப்பதால் இரண்டாவது எண் உயர்ந்தும் நிற்கின்றன. பயிற்சி பெறுபவர்கள் இந்த இரண்டு எண்களையும் மனப்பாடம் செய்கிறார்கள். அவற்றின் பின்னணியில் இருப்பது இந்த நுட்பம்தான்.

இன்னொன்று. மெதுவாகப் பறக்கும்போது விமானத்தைத் தூக்கிப் பிடிப்பதற்கே ஒரு தடை உண்டாகிறது. அது வேகம் குறையக் குறையக் கூடும். இரண்டு வகைத் தடைகளையும் கூட்டினால், மொத்தத் தடை ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மிகக் குறைவாக இருக்கும். தேவைப்படும் திறன் மிகக் குறைவாக இருக்கும் வேகமோ அதற்கும் கீழே, அதன் 76 விழுக்காட்டில் அமைகிறது. மூன்றின் நான்காம் மூலத்தால் ஒன்றை வகுத்தால் வரும் எண் அது. தடையை வேகத்தின் இருமடியும் அதன் தலைகீழுமாக எழுதி நீங்களே வகையிட்டுப் பார்க்கலாம். புரொப்பெல்லர் விமானம் ஒரு லிட்டர் எரிபொருளில் அதிக தூரம் போக வேண்டுமானால் முதல் வேகத்திலும், வானில் அதிக நேரம் தங்க வேண்டுமானால் இரண்டாவது வேகத்திலும் பறக்க வேண்டும்.

சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு ஏடிஆர் விமானத்தில் வந்தேன். ஜெட் விமானத்தைவிட இது மெதுவாகப் பறக்கிறது. இன்னும் பெரிய எஞ்சினைப் பொருத்தி இதையும் ஜெட்டைப் போல விரைவாகப் பறக்க வைக்க முடியாதா?
— வாசகி, மார்த்தாண்டம்

நீங்கள் வந்த விமானம் ஏடிஆர் 72-600 என்றால், அதன் எஞ்சின் ஒவ்வொன்றும் புறப்படும்போது 2,475 குதிரைத்திறன் வரை தரவல்லது. ஆறு இதழ்கள் கொண்ட அதன் புரொப்பெல்லரின் விட்டம் 3.93 மீட்டர், பறக்கும் வேகம் மணிக்கு ஏறத்தாழ 510 கிலோமீட்டர். சுழல்தண்டில் ஒரு மெகாவாட் கொடுத்து, 85 விழுக்காடு பயன்படுவதாகக் கொண்டால், இந்த வேகத்தில் கிடைக்கும் உந்துவிசை 6,000 நியூட்டன். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் அதே மெகாவாட் தருவது 3,400 நியூட்டன்தான். உந்துவிசை இப்படிச் சரியும்போது காற்றுத்தடை மறுபுறம் ஏறிக்கொண்டே போகிறது. அதையாவது பெரிய எஞ்சினால் ஈடுகட்டலாம். இதழின் நுனியில் வரும் இடையூறு அதைவிடக் கடுமையானது.

இதழின் நுனி சுழன்றபடியே முன்னோக்கியும் செல்வதால், அதன் உண்மையான வேகம் இரண்டு வேகங்களின் இருமடிகளைக் கூட்டி எடுத்த மூலமாகும். ஏடிஆரில் புறப்படும்போது நிமிடத்துக்கு 1,200 சுற்று. உயரத்தில் பறக்கும்போது அதில் 82 விழுக்காடு, அதாவது 984 சுற்று. அப்போது நுனியின் சுழல்வேகம் நொடிக்கு 202 மீட்டர், விமானத்தின் வேகம் 142 மீட்டர். இரண்டும் சேர்ந்து 247 மீட்டர். 6,000 மீட்டர் உயரத்தில் ஒலியின் வேகம் ஏறத்தாழ 316 மீட்டர். நுனி ஒலிவேகத்தின் 78 விழுக்காட்டில் ஓடுகிறது. இது பாதுகாப்பான எல்லைக்குள் இருக்கிறது. விமானத்தை மணிக்கு 900 கிலோமீட்டரில் செலுத்தினால் நுனி ஒலிவேகத்தைத் தாண்டிவிடும். அங்கே அதிர்வலைகள் உருவாகி, எஞ்சினின் திறன் உந்துவிசையாக மாறாமல் வெப்பமாகவும் இரைச்சலாகவும் போய்விடும். சுற்று வேகத்தைக் குறைத்து ஓரளவு தப்பிக்கலாம்; ஆனால் அப்போது இதழ்களின் அகலத்தையோ எண்ணிக்கையையோ கூட்டியாக வேண்டும்.

இந்த எல்லையை மீறிக் காட்டிய விமானம் ஒன்று தமிழ்நாட்டிலேயே நெடுங்காலம் பறந்தது. அரக்கோணத்திலுள்ள ராஜாளி கடற்படைத் தளத்திலிருந்து 2017 மார்ச் வரை இயங்கிய டியூ-142 கண்காணிப்பு விமானம்தான் அது. ஏறத்தாழ 15,000 குதிரைத்திறன் கொண்ட எஞ்சின்கள் நான்கு, ஒவ்வொன்றிலும் ஒன்றன்பின் ஒன்றாக எதிரெதிர்த் திசையில் சுழலும் இரண்டு புரொப்பெல்லர்கள், விட்டம் 5.6 மீட்டர். முன்னது முறுக்கிவிட்ட காற்றைப் பின்னது நேராக்கி, அந்த இழப்பையும் உந்துவிசையாக மாற்றிக்கொள்ளும். நிமிடத்துக்கு 750 சுற்று அளவில் மெதுவாகவே சுழன்றாலும், மணிக்கு 900 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் அதன் இதழ் நுனிகள் ஒலிவேகத்தைத் தாண்டிவிடும். அதன் இரைச்சல் உலகப் புகழ் பெற்றது. முடியும் என்பதற்கு அது சான்று. பயணிகள் விமானத்தில் ஏன் அப்படிச் செய்வதில்லை என்பதற்கும் அதுவே சான்று.

நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவுக்குள் முடிந்துவிடும் பயணங்களில், நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளும் ஏடிஆரின் எரிபொருள் சிக்கனம் ஜெட் விமானத்துக்கு எட்டாதது. எனவே அதை மெதுவான விமானம் என்று குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை.

திருமண நிகழ்ச்சிகளைப் படம் எடுக்க டிரோன் பயன்படுத்துகிறேன். ஒரே இடத்தில் நிறுத்திப் பிடிக்கும்போதுதானே குறைவாக மின்கலம் செலவாக வேண்டும்?
— ஒளிப்படக் கலைஞர், குளச்சல்

இல்லை. அந்தரத்தில் நிற்பது, முதல் பதிலில் சொன்ன அசையாத நிலையே. காற்று தானாக வந்து சேராததால் இழப்பு அப்போதுதான் அதிகம். மெதுவாக முன்னேறும்போது புதிய காற்று கிடைப்பதால் தேவையான திறன் சற்றுக் குறையும். வேகம் மிகக் கூடினால் காற்றுத்தடையால் மறுபடியும் ஏறும். எடையைப் பொறுத்தவரை இன்னும் கவனமாக இருங்கள்: அதே புரொப்பெல்லர்களுடன் டிரோனின் மொத்த எடை இரண்டு மடங்கானால், அந்தரத்தில் நிற்கத் தேவையான திறன் 2.83 மடங்காகும்.

மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சினைச் சோதிக்கும்போது அதன் உந்துவிசையை மட்டுமே சொல்கிறார்கள். யாரும் குதிரைத்திறனைச் சொல்வதில்லை. புரொப்பெல்லர் எஞ்சினுக்கு மட்டும் ஏன் குதிரைத்திறனைச் சொல்கிறார்கள்?
— பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, கொட்டாரம்

எது மாறாமல் இருக்கிறதோ அதைச் சொல்வதுதான் முறை. ராக்கெட் எரிபொருளையும் அதை எரிப்பதற்கான ஆக்சிஜனேற்றியையும் தானே சுமந்து செல்கிறது. வெளியிலிருந்து காற்றை வாங்குவதில்லை. நொடிக்கு எத்தனை கிலோ வாயு வெளியேறுகிறது, அது எஞ்சினின் வாயிலிருந்து என்ன வேகத்தில் வெளியேறுகிறது என்ற இரண்டும் ராக்கெட்டின் வேகத்தைச் சார்ந்தவை அல்ல. எனவே சோதனை மேடையில் அசையாமல் கட்டி வைத்து அளந்த உந்துவிசை, வளிமண்டல அழுத்தம் குறைவதால் வரும் மாற்றத்தைத் தவிர, நொடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும்போதும் அப்படியே இருக்கும். மகேந்திரகிரியில் சோதிக்கப்படும் விகாஸ் எஞ்சினின் உந்துவிசை வெற்றிடத்தில் ஏறத்தாழ 800 கிலோநியூட்டன் என்று சொன்னால் அந்த எண் முழுமையானது. அதன் திறனைச் சொல்வதில்தான் பொருளில்லை. மேடையில் நிற்கும்போது விசையை வேகத்தால் பெருக்கினால் சுழியம், பறக்கும்போது வேகத்துக்கு ஏற்றபடி கூடிக்கொண்டே போகும்.

புரொப்பெல்லர் எஞ்சினில் நிலைமை தலைகீழ். சுழல்தண்டின் திறன் மாறாமல் நிற்கிறது. உந்துவிசை வேகத்துக்கு வேகம் மாறுகிறது. கட்டி வைத்து அளந்த உந்துவிசையைக் கொண்டு அது பறக்கும்போது என்ன செய்யும் என்று சொல்ல முடியாது. ஆகவே ஒரு புரொப்பெல்லர் விமானத்தின் உந்துவிசை எவ்வளவு என்று யாராவது ஓர் எண்ணைச் சொன்னால், எந்த வேகத்தில் என்று உடனே கேளுங்கள். பயணிகள் ஜெட் விமானம் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதன் உந்துவிசையும் வேகத்தோடு குறையும், ஆனால் புரொப்பெல்லரைப் போல அவ்வளவு செங்குத்தாகச் சரியாது.

முப்பந்தலில் சுழலும் காற்றாலைகள் புரொப்பெல்லரின் மறுபக்கம் என்று சொல்லலாமா? எஞ்சின் நின்றுபோன விமானத்தின் புரொப்பெல்லரும் காற்றாலையாகிவிடுமா?
— வாசகர், ஆரல்வாய்மொழி

இரண்டுக்குமே ஆம் என்பதே விடை. புரொப்பெல்லர் காற்றுக்கு வேகம் கொடுத்துத் திறனைச் செலவிடுகிறது. காற்றாலை காற்றின் வேகத்தைக் குறைத்துத் திறனை எடுத்துக்கொள்கிறது. ஒரே கோட்பாட்டில் குறியை மாற்றினால் ஒன்றிலிருந்து மற்றொன்று கிடைக்கும். காற்றை முழுவதும் நிறுத்திவிட்டால் பின்னால் வரும் காற்றுக்கு வழியிருக்காது என்பதால், எந்தக் காற்றாலையும் காற்றிலுள்ள ஆற்றலில் 59.3 விழுக்காட்டுக்கு மேல் எடுக்க முடியாது என்பதை ஜெர்மானியரான ஆல்பர்ட் பெட்ஸ் அந்தக் கோட்பாட்டைக் கொண்டே நிறுவினார். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றின் வேகம் சிறிது கூடினாலும் மின்சாரம் பெருமளவு கூடுவதற்குக் காரணம், முன்பு சொன்ன அதே மும்மடி விதிதான்.

பறக்கும்போது எஞ்சின் திறனிழந்தால், காற்று புரொப்பெல்லரைச் சுழற்றி, அதன் வழியே செயலிழந்த எஞ்சினையும் சுழற்றத் தொடங்கும். அதற்கான திறன் விமானத்தின் வேகத்திலிருந்தும் உயரத்திலிருந்தும்தான் வர வேண்டும். உந்துவிசை தர வேண்டிய உறுப்பே பெரிய தடையாகிவிடுகிறது. இரட்டை எஞ்சின் விமானத்தில் ஒரு பக்கம் இழுப்பும் மறுபக்கம் தடையுமாக இருந்தால் விமானம் ஒருபுறமாகத் திரும்ப முற்படும் என்பதால், ஏடிஆர் போன்ற விமானங்களில் புறப்படும் கட்டத்தில் ஓர் எஞ்சின் திறனிழந்தால், அதன் இதழ்களைக் காற்றோட்டத்துக்கு இணையாகத் தானே திருப்பிவிடும் ஏற்பாடு இருக்கிறது. கத்தியின் விளிம்பு மட்டும் காற்றை எதிர்கொள்வதுபோல் இதழ்கள் நிற்பதால் சுழற்சியும் தடையும் பெரும்பாலும் நீங்கிவிடும். பிட்ச் மாறாத செஸ்னாவில் அதற்கு வழியில்லை. எஞ்சின் நின்றால் 68 நாட் வேகத்தில் எவ்வளவு தூரம் மிதந்து செல்லலாம் என்று அதன் கையேடு தரும் கணக்கு, புரொப்பெல்லர் காற்றில் சுழன்றுகொண்டிருக்கும் என்று வைத்தே போடப்பட்டிருக்கிறது.